அந்தரத்தில் இரண்டு சுற்று



சில காலத்துக்கு முன்னர் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், ஒரு தோட்டத்தில் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. மாலை வேளை. கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் வெறுங்கூடைகளுடன் லயங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். காலையில் பேர் பதியும் பிரட்டுக்களம் அப்போது பிள்ளைகளின் வசமாகியிருந்தது. அங்கே ஒன்பது பத்து வயதுச் சிறுமியொருத்தி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றிக் கால்களை வானில் வீசி, வண்டிச் சக்கரம் உருள்வது போல ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை உருண்டு போனாள். போன வழியே திரும்பியும் வந்தாள். மூச்சு வாங்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அருகில் வந்து, "சேர், இதுக்கு எங்கயாச்சும் போட்டி இருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பாயி லயத்துத் திண்ணையிலிருந்தபடியே, "போட்டி இருந்தா அது நம்ம ஆளுங்களுக்கா இருக்கும்? கைகால முறிச்சிக்கிட்டா யாரு பாக்குறது?" என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். அன்று நின்ற நிலையில் அவற்றுக்கு முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. இன்று வானொலியில் கிடைத்திருக்கும் இந்தச் சில நிமிடங்களை அதற்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.

போட்டி இருக்கிறது. அதற்குச் சீருடற்பயிற்சி என்று பெயர். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் பலருக்கும் விளங்கும். ஒலிம்பிக் விழாவில் பெண்கள் இதிற் கலந்துகொள்ளத் தொடங்கியது 1928ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாம் நகரில். இன்று பெண்களுக்கு நான்கு பிரிவுகள் உள்ளன. முதலாவது, ஓடிவந்து துள்ளுபலகையில் மிதித்து எழும்பி, ஒரு மேசையிற் கை ஊன்றி அப்பாற் பாய்வது. இரண்டாவது, ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருக்கும் இரு சட்டங்களிற் பற்றிச் சுழல்வது. மூன்றாவது, 5 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஓர் உத்தரத்தின்மேல் நடந்தும் குதித்தும் கரணமடித்தும் காட்டுவது. நான்காவது, 12 மீற்றர் சதுரமான தரையில் இசைக்கேற்பச் செய்யும் பயிற்சி. 10 சென்ரிமீற்றர் என்பது, பெருவிரலையும் சேர்த்து வைத்தால் வளர்ந்தவர் ஒருவரின் கை அகலம். அந்த உத்தரம் நிலத்திலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

இக்கலையில் அளவு பிசகினால் என்னவாகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பெண்களின் முழுமைப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, தேர்ந்த வீராங்கனைகள் பலர் தாவுமிடத்தில் அடுத்தடுத்துத் தடுமாறி விழுந்தார்கள். உலகப் புகழ் பெற்ற ரஷ்ய வீராங்கனை ஸ்வெத்லானா கோர்கினாவும் விழுந்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அவுஸ்திரேலியச் சிறுமியொருத்தி ஐயுற்றுக் கேட்ட பின்னரே அளந்து பார்த்தார்கள். தாவும் குதிரை 5 சென்ரிமீற்றர் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது! பல்லாண்டுப் பயிற்சியால் உடம்பு அளவைத் தானாகவே அறிந்து வைத்திருக்கிறது. மேசை இரண்டங்குலம் தாழ்ந்தாலும் கை வெறும் வெளியைத் தேடுகிறது. மறுவருடம் முதல் அந்தப் பழைய குதிரை நீக்கப்பட்டு, அகன்ற மேசை வந்து சேர்ந்தது.

புள்ளி இடும் முறையும் முன்பு போல் இல்லை. 1976இல் மொன்றியால் நகரில், ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி முதன்முதலாகப் பத்துக்குப் பத்து பெற்றபோது, அத்தகைய புள்ளியைக் காட்டும் வசதியே இல்லாத புள்ளிப்பலகை 1.00 என்று காட்டிற்று. 2006 முதல் இரண்டு கணக்குகள் உண்டு. செய்யும் வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மதிப்பு. அதை எவ்வளவு துப்புரவாகச் செய்தார் என்பதற்குப் பத்திலிருந்து கழித்துக் கழித்து வரும் மற்றொரு மதிப்பு. இரண்டையும் கூட்ட வேண்டும். ஆகவே எளிய வித்தையைப் பிழையின்றிச் செய்வதா, அரிய வித்தையைச் சிறு பிழைகளோடு செய்வதா என்ற வழக்கு ஒவ்வொரு வீராங்கனையின் மனத்திலும் நடக்கிறது. இந்த வழக்கில் அரியதன் பக்கம் நின்ற ஒரு பெண்ணின் கதையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மூன்று புறமும் வங்காளதேசம் சூழ இருப்பது திரிபுரா மாநிலம். அங்கும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அதன் தலைநகர் அகர்தலா. தீபா கர்மாக்கர் அங்கே 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் துலால் கர்மாக்கர் பாரம் தூக்கும் விளையாட்டின் பயிற்றுநர். ஆறு வயதில் மகளை இக்கலைக்கு அனுப்பினார். பிள்ளையின் பாதங்களோ தட்டைப் பாதங்கள். உள்வளைவு இல்லாத பாதம் துள்ளி எழுவதற்கும் தரையில் நிலைத்து இறங்குவதற்கும் தடையானது. வேறு யாராவது, "இது நமக்கு ஒத்துவராது" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவருக்குக் கிடைத்த ஆசான் பிஷ்வேஸ்வர் நந்தி அப்படிச் செய்யவில்லை. பாதத்துக்கென்றே தனிப் பயிற்சிகளைக் கொடுத்து, ஆண்டுக்கணக்காக உழைத்தார்.

அகர்தலா எத்துணை ஒதுங்கிய ஊர் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். நமது ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884இல். நானுஓயாவுக்கு அடுத்த ஆண்டில் வந்துவிட்டது. அகர்தலாவுக்கு 2008இல்தான் வந்தது. புகையிரதக் கணக்கில் நாம் ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு முந்தியவர்கள்.

தீபாவின் ஏற்றம் படிப்படியானது. முதலில் இளையோர் தேசியப் போட்டியில் வென்றார். 2011 தேசிய விளையாட்டு விழாவில் திரிபுராவின் சார்பில் தங்கங்களை அள்ளினார். இதற்கிடையில், 2010ஆம் ஆண்டு டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஆஷிஷ் குமார் என்னும் இளைஞர், இந்தியாவுக்கு இத்துறையில் முதற் பதக்கங்களைப் பெற்றுத் தந்தார். அதுவரை, இக்கலையில் இந்தியரும் பதக்கம் பெறலாம் என்பது ஏட்டளவில்தான் இருந்தது.

ஆசானும் மாணவியும் அப்போது செய்த முடிவு துணிவானது. சிலர் அதை மூடத்துணிவு என்றும் சொன்னார்கள். யெலேனா புரொடுனோவா என்னும் ரஷ்ய வீராங்கனை 1999இல் செய்து காட்டிய ஒரு தாவல், அவர் பெயராலேயே புரொடுனோவா என்று வழங்குகிறது. 25 மீற்றர் ஓடுபாதையில் விரைந்து வந்து, பலகையில் உதைத்து, தலைகீழாக மேசையிற் கை ஊன்றி, அங்கிருந்து கைவலியால் மேலே எழும்பி, முழங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டு அந்தரத்தில் முன்னோக்கி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கால்களில் வந்து இறங்க வேண்டும். பின்னோக்கிச் சுழல்பவர் இறங்குமுன் தரையைக் கண்ணாற் காண்பார். முன்னோக்கிச் சுழல்பவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. காலடி படும்வரை நம்பிக்கைதான் கண். சுற்று சிறிது குறைந்தால் கழுத்தோ முதுகோ தரையில் மோதும். அதனால்தான், போட்டியில் இதைச் செய்து எழுந்து நின்ற பெண்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கடினத்துக்கான மதிப்பு அந்நாளில் 7.0. அவ்வளவு மதிப்பு அன்று வேறெந்தத் தாவலுக்கும் இல்லை.

இறங்குமிடத்தில் மெத்தைகளை அடுக்கடுக்காகப் போட்டுப் பழகினார்கள். 2014இல் கிளாஸ்கோவில் நடந்த பொதுநலவாய விழாவில் இந்தத் தாவலால் தீபாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அவ்விழாவில் இத்துறையிற் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. மறு ஆண்டு ஹிரோஷிமாவில் ஆசிய வெண்கலம். அதே ஆண்டு உலகப் போட்டியின் தாவற் பிரிவில் ஐந்தாமிடம். 2016 ஏப்ரிலில் ரியோ நகரில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள் பெற்று ஒலிம்பிக்கில் நுழைந்தார். 1952, 1956, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் இந்திய ஆண்கள் பதினொருவர் இத்துறையிற் கலந்துகொண்டிருந்தனர். அதன்பின் 52 ஆண்டுகள் ஒருவருமில்லை. பெண்களுள் இவரே முதல்வர்.

ரியோவில் 2016 ஆகஸ்ட் 14ஆம் நாள் இறுதிப் போட்டி. எண்மர் களத்தில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாவல். இரண்டின் சராசரியே முடிவு. தீபாவின் முதல் தாவலுக்கு 14.866. இரண்டாவது, புரொடுனோவா. ஓடினார், எழும்பினார், இரண்டு சுற்றும் முடிந்தது. கால்கள் தரையில் பட்டன. ஆனால் உடம்பு மிகத் தாழ்ந்து, இருப்பிடம் தரையைத் தொடுமோ என்னும் அளவுக்கு அமர்ந்து, பின் எழுந்து நின்றது. 15.266. சராசரி 15.066. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 15.966 பெற்றுத் தங்கத்தையும், ரஷ்யாவின் மரியா பசேக்கா வெள்ளியையும், சுவிற்சர்லாந்தின் கியூலியா ஸ்டைங்ரூபர் 15.216 பெற்று வெண்கலத்தையும் கொண்டு போனார்கள். தீபா நான்காமவர். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150. நம் பழைய கீழ்வாய்க் கணக்கிற் சொன்னால் மும்மா. அந்த இறங்குதலில் உடம்பு சற்றே நிமிர்ந்திருந்தால் அந்த மும்மாவின் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதே இறுதியில் 41 வயதான ஒக்சானா சுசோவிற்றினா என்னும் உஸ்பெக்கிஸ்தான் தாயும் அதே புரொடுனோவாவை முயன்று, உருண்டு விழுந்து, சிரித்தபடி எழுந்தார். வயதைப் பற்றி நமக்குள்ள எண்ணங்களையெல்லாம் ஒருமுறை தூசி தட்ட வைக்கும் காட்சி அது.

இன்னொரு சிறு செய்தி. தீபாவின் இயன்மருத்துவர் முதலில் அவரோடு ரியோவுக்குச் செல்லவில்லை. இறுதிச் சுற்றுக்கு அவர் தேர்வான பிறகுதான் அனுப்பிவைக்கப்பட்டார். வெற்றி தெரிந்தபின் ஓடிவருவது எல்லா நாடுகளுக்கும் பொதுவான பழக்கம் போலும். பதக்கம் வராவிட்டாலும் நாடு கொண்டாடிற்று. கேல் ரத்னா விருதும் பின்னர் பத்மஸ்ரீயும் வந்தன. ஹைதராபாத்தில் விலையுயர்ந்த ஜெர்மன் கார் ஒன்றும் பரிசாகக் கிடைத்தது. அகர்தலாவின் குறுகிய பாதைகளில் அதை ஓட்டுவது கடினம். பழுது பார்க்கும் நிலையமும் அங்கில்லை. ஆகவே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நமது தோட்டத்துப் பாதைகளில் வாகனம் செலுத்தியவர்களுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

அப்பாயி கேட்ட கைகால் முறியும் கேள்விக்கும் இந்தக் கதையில் விடை உண்டு, மறைக்காமற் சொல்கிறேன். 2017இல் தீபாவின் முழங்காலில் உட்தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் உலகக் கிண்ணப் போட்டியொன்றில் தங்கம் பெற்று மீண்டார். அதன்பின் மீண்டும் காயம். 2021இல் எடுத்த சோதனையில், தடை செய்யப்பட்ட ஹைஜனமைன் என்னும் பொருள் உடம்பிற் காணப்பட்டதால் 21 மாதத் தடை விதிக்கப்பட்டது. அது 2023 ஜூலையில் முடிந்தது. அந்தத் தடை அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு கறைதான். தடை நீங்கி வந்தவர், 30 வயதில், 2024 மே மாதம் தாஷ்கந்தில் ஆசியத் தாவற் தங்கத்தை வென்றார். வேறெந்த இந்தியரும் அதுவரை ஆசியப் போட்டியில் தங்கம் பெற்றதில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஓய்வு பெற்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். களுத்துறை மாவட்டத்தில், கடலோரத்தில் உள்ள ஊர் மக்கொனை. அங்கிருந்து வந்தவர் மில்கா கெஹானி டி சில்வா. 2003 ஏப்ரிலிற் பிறந்தவர். இலங்கையிலிருந்து ஒலிம்பிக் சீருடற்பயிற்சிக்குத் தகுதி பெற்ற முதலாமவர் அவர்தான். பயிற்சிக்காக ஜப்பானிற் போய்த் தங்கியிருந்தார். 2021இல் நடக்கவிருந்த ஆசியப் போட்டி பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. அதனால் 2019 உலகப் போட்டியின் பெறுபேற்றை வைத்து ஆசியாவுக்குரிய இடங்கள் பகிரப்பட்டன. அவற்றுள் ஒன்று மில்காவுக்கும், மற்றொன்று இந்தியாவின் பிரணதி நாயக்குக்கும் கிடைத்தன. பிரணதி வங்காளத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள். டோக்கியோ ஆரம்ப விழாவில் இலங்கைக் கொடியை ஏந்திச் சென்ற இருவருள் ஒருவர் மில்கா. அப்போது அவருக்கு வயது 18. அங்கே அவர் பதக்கம் பெறவில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒருத்திக்குக் கதவைத் திறந்து வைத்தார், அவ்வளவு போதும்.

அந்த ஒருத்தி மலையகத்திலிருந்து வரக்கூடுமா? இதைத்தான் அப்பாயி கேட்டார்.

வித்தை நமக்குப் புதிதல்ல. அருச்சுனன் தபசு நடக்கும் தோட்டங்களில், வேடந்தாங்கியவர் நெடிய கம்பத்தில் ஏறி நிற்பதைச் சிறுவயதிற் பார்த்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். கொழுந்தெடுக்கும் தாய்மார் கூடையின் பாரத்தைத் தலைக்கயிற்றில் தாங்கி, செங்குத்தான மலையில் மழையிலும் வழுக்காமல் இறங்குகிறார்களே, அது உத்தரத்தின்மேல் நடப்பதற்கு இளைத்ததா? இல்லாதது சமதரை. மலையகத்தில் இருக்கும் நல்ல மைதானங்களிற் சில, ராதெல்ல மைதானம் போன்றவை, வெள்ளைக்காரத் துரைமார் தமது கிரிக்கெட்டுக்காக வெட்டிச் சமப்படுத்தியவை. லயத்துப் பிள்ளைக்குப் பிரட்டுக்களமும் கோயில் முற்றமுமே மைதானம்.

ஆனால் சீருடற்பயிற்சிக்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூரையுள்ள, நீண்ட, ஈரமில்லாத ஒரு மண்டபம் போதும். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டப்பட்ட நீண்ட தளங்கள், மரத்தரை, வரிசையாகச் சாளரங்கள். 25 மீற்றர் ஓடுபாதைக்கு இடம் தரக்கூடிய நீளம் அவற்றுட் பலவற்றுக்கு உண்டு. மூடப்பட்ட தொழிற்சாலைகள் மலைநாடெங்கும் நிற்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலை உல்லாச விடுதியாக மாற்றப்பட்டு நன்றாக நடக்கிறது. விடுதியாக மாற முடிந்த கட்டடம் பயிற்சிக்கூடமாக மாற முடியாதா? கட்டடத்தைவிட அரியவர் பயிற்றுநர். மெத்தையும் அரிதுதான், மெத்தையில்லாமற் சுழற்றிவிடும் ஆசானிடம் பிள்ளையை விடவே கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல மனம் கூசுகிறது. இந்தக் கலையிற் சிறந்தவர்கள் பலர் உயரம் குறைந்தவர்கள். சுழல்வதற்குச் சிறிய உடம்பு உதவும். இதைக் கேட்டு ஒரு நண்பர், "அப்படியானால் நம் தோட்டப் பிள்ளைகள் பொருத்தமானவர்கள்தானே" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அத்தொகை 17. இது இயல்பான குறுமை அன்று. ஊட்டமின்மையால் நின்றுபோன வளர்ச்சி. துள்ளுபலகையில் உதைத்து எழும்பும் உடம்புக்கு எலும்பு உறுதியும் தசை வலிவும் வேண்டும். இறங்கும்போது கால்கள் தாங்கும் பாரம், உடம்பின் எடையைப் போலப் பன்மடங்கு. வெறுந்தேநீரும் ரொட்டியும் உண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளையை அந்தப் பலகையில் ஏற்றினால், அப்பாயியின் அச்சம் மெய்யாகிவிடும். ஆகவே மலையகத்தின் முதல் சீருடற்பயிற்சிக் கருவி ஒரு கோப்பை பாலும் ஒரு முட்டையுமாக இருக்கட்டும். மேசையும் சட்டமும் அடுத்து வரலாம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் பெரியோர் போட்டிகளிற் பெண்கள் கலந்துகொள்ள, அவ்வாண்டிற்குள் 16 வயது நிறைய வேண்டும் என்பது 1997 முதல் விதி. தீபா ஆறு வயதிற் தொடங்கி, 23 வயதில் ரியோவை அடைந்தார். பத்து வயதுப் பிள்ளைக்குக் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் வீணாக்குவதற்கு நிறைய இல்லை.

அன்று மாலை, உத்தரத்தின் அகலம் 10 சென்ரிமீற்றர் என்று மட்டும் அந்தச் சிறுமியிடம் சொன்னேன். அவள் லயத்துக்குள் ஓடிப் பாடசாலை அடிமட்டத்தை எடுத்துவந்து, அடுப்புக் கரியால் பிரட்டுக்களத்தின் சிமெந்துத் தரையில் இரண்டு கோடுகள் இழுத்தாள். 5 மீற்றர் நீளத்துக்கு அடிமட்டத்தை எத்தனை தரம் வைக்க வேண்டும் என்று தானே கணக்கிட்டாள். வெறுங்காலுடன் நடந்தாள். இரண்டு தரம் கோட்டுக்கு வெளியே கால் போயிற்று. மூன்றாந் தரம் முனைவரை போய், அங்கேயே ஒற்றைக் காலில் திரும்பினாள். "வெளக்கு வைக்கிற நேரமாச்சு" என்றார் அப்பாயி. ஆனால் எழுந்து உள்ளே போகாமல், அவள் திரும்பி வரும்வரை திண்ணையிலேயே இருந்தார்.